நாலு கொதி

"என் பேரக் கெடுக்காளுவ, சாமி" என்றாள் ஆவுடையம்மாள்.

மடத்து முற்றத்தில் காவித் துணி உலர்த்திக்கொண்டிருந்த சாமியம்மா திரும்பவில்லை.

"யாரு?"

"எங்க தெருப் பொம்பளைங்க அத்தன பேரும்."

மேலத்தெரு ஆவுடையம்மாளின் சொதி என்றால் ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் பிரசித்தம். தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு வைக்கிற குழம்பு அது. கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுவீட்டுச் சாப்பாடு போடும்போது சொதி இல்லாவிட்டால் பந்தியில் முணுமுணுப்பார்கள். ஆவுடையம்மாள் கரண்டி பிடித்தால் முணுமுணுக்க யாருக்கும் வாய் ஒழிந்திருக்காது.

அவள் மகளுக்குப் போன வாரம்தான் கல்யாணம். மறுவீட்டன்று சம்பந்திகளைக் கூட்டி வரப் போனவள் திரும்புவதற்குள், உதவிக்கு வந்த தெருப் பெண்கள் சொதியை வைத்து இறக்கிவிட்டார்கள். அரிசி மாவைக் கரைத்து ஊற்றிய சொதி. பசை மாதிரி இருந்தது. சம்பந்தியம்மாள் இரண்டு வாய் உண்டுவிட்டு, இதுதானா அந்தப் பேர்போன சொதி என்று கேட்டாளாம்.

"மாப்பிள்ள மட்டும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாரு" என்றாள் ஆவுடையம்மாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

சாமியம்மா அவளைவிட வயதில் இளையவர். துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அவங்களுக்கு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

பொய். எல்லாத்தையும் சொன்னாள், ஒன்றைத் தவிர.

தெருப் பெண்கள் ஒருவருக்கொருவர் எதையும் ஒளிப்பதில்லை. ஒருத்தி புளிக்காய்ச்சல் பக்குவம் சொன்னால் இன்னொருத்தி இடித்த மிளகாய்ப்பொடிப் பக்குவம் சொல்வாள். அப்படித்தான் ஆவுடையம்மாளிடமும் வந்து நின்றார்கள். அவளும் மலர்ந்த முகத்தோடு இஞ்சி இவ்வளவு, பச்சைமிளகாய் இவ்வளவு, மூன்றாம் பாலில் காயை வேகவிடு, அப்புறம் இரண்டாம் பால் என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியில் தலைப்பால். முதலில் பிழிகிற கெட்டிப் பால். அடுப்பை அணைத்து, இறக்கி வைத்த பிறகுதான் அதை ஊற்ற வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும்.

"தலைப்பால ஊத்தி நாலு கொதி விடுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

எல்லார் வீட்டிலும் திரிந்தது. அடுத்த வீட்டுப் பிரமு, மாமியாரிடம் வசவு வாங்கிக்கொண்டு வந்து அழுதாள். அதெல்லாம் கைப்பக்குவம், சிலருக்குத்தான் வாய்க்கும் என்று ஆவுடையம்மாள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். உள்ளுக்குள் இனித்தது. எல்லாருக்கும் வந்துவிட்டால் தன்னை யார் கூப்பிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. அதைத் தவிர அவள் நல்லவள்தான்.

பெண்கள் தங்கள் கையைத்தான் நொந்துகொண்டார்கள். திரியாமல் இருக்க அரிசி மாவைக் கரைத்து ஊற்றப் பழகினார்கள். கொதியை மட்டும் குறைக்கவில்லை. அது ஆவுடையக்கா சொன்னது.

"இப்ப நான் என்ன செய்யணும், சாமி?"

"வர்ற குருபூசைக்கு இங்க சொதி வைப்போம். அவங்களையே கூட்டிட்டு வாங்க."

"நானே வச்சிருதேனே."

"நீங்க கரண்டியத் தொடக்கூடாது. பக்கத்துல உக்காந்து வாயால சொல்லுங்க. அவங்க செய்யட்டும்."



குருபூசையன்று மடத்து அடுப்பில் பெரிய உருளி ஏறியது. ஆவுடையம்மாள் மணையில் உட்கார்ந்து சொன்னாள், பெண்கள் செய்தார்கள். அவள் வாய் திறக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். சாமியம்மா தூணோரம் நின்று வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பால் ஊற்றியாயிற்று. பிரமு கிண்ணத்தில் மாவு கரைத்தாள்.

"மாவு வேண்டாம்" என்றாள் ஆவுடையம்மாள்.

பிரமு நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுப்ப அணைச்சு உருளிய எறக்கு. பெறவு தலைப்பால ஊத்து. ஒரு கொதிகூட வரக்கூடாது."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரமு சிரித்தாள்.

"என்னக்கா, எங்கள சோதிக்கீங்களா? நாலு கொதின்னு நீங்கதான சொன்னீங்க."

ஆவுடையம்மாள் சாமியம்மாவைப் பார்த்தாள். சாமியம்மா இலையைத் துடைத்தார்.

"நான் பொய் சொன்னேன், பிரமு. உங்களுக்கு வந்துரக் கூடாதுன்னு மாத்திச் சொன்னேன்."

அப்படி ஒரு வார்த்தையை அவள் ஆயுளில் சொன்னதில்லை.  வசவை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரமு வந்து அவள் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"எங்க கைக்கு வராதத உங்க தலையில போட்டுக்கிடுதீங்களே, அக்கா. சம்பந்தி சொன்ன சொல்லுக்கு எங்கமேல பழி வந்துரக் கூடாதுன்னுதான? இந்த மனசு யாருக்கு வரும்."

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

"இல்ல பிரமு, சத்தியமா..."

"சாமி சன்னதில சத்தியமெல்லாம் பண்ணாதீங்க, அக்கா. நீங்க சொன்னத நாங்க ஒருநாளும் மாத்த மாட்டோம்."

பிரமு மாவை ஊற்றினாள். தலைப்பாலை ஊற்றினாள். ஒரு கொதி. இரண்டு. மூன்று. நாலு.

ஆவுடையம்மாள் எழுந்து தூணோரம் போனாள்.

"சாமி, நான் பொய்தான் சொன்னேன்னு நீங்களாவது அவளுவகிட்ட சொல்லுங்க."

"நான் சொன்னா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். சாமியம்மாவுக்கும் எத்தனை பெரிய மனசு என்பார்கள்.

பூசை முடிந்து இலை போட்டார்கள். முதல் இலை ஆவுடையம்மாளுக்கு. பிரமு சோற்றில் குழி பறித்து, பசையாக நின்ற சொதியை ஊற்றினாள். கரண்டியைப் பிடித்தபடியே எதிரில் நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருவே நின்றது. அக்கா வாயில் வைக்காமல் யாரும் உட்காரமாட்டார்களாம்.

ஆவுடையம்மாள் சோற்றைப் பிசைந்தாள். பரிமாறிக்கொண்டே வந்த சாமியம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"இப்ப இவளுவகிட்ட நான் என்ன சொல்ல, சாமி?"

சாமியம்மா குனிந்து இலையில் உப்பு வைத்தார்.

"நல்லாருக்குன்னு சொல்லுங்க. அத நம்புவாங்க."