மாசிலாமணிக்கு ஆதாரம் தேடிய கதை

ஒரு தெருவில் மூன்று புத்திசாலிகள் இருந்தால் தெருவுக்குச் சண்டை. மூன்று மண்டுகள் இருந்தால் தெருவுக்குப் பொழுதுபோக்கு. விருத்தாசலம் ஆலடி ரோட்டுக்கு இரண்டாவது பாக்கியம் வாய்த்திருந்தது. கலியமூர்த்தி, பூவராகன், மாசிலாமணி மூவரும் கூட்டாக மைக்செட் கடை நடத்தினார்கள். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நாற்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்ததாகத் தெரியவில்லை.

இதில் மாசிலாமணிக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. எதையும் ஆரம்பிப்பான், முடிக்க மாட்டான். ஒரு கன்னம் மழித்த முகத்தோடு கல்யாணத்துக்கே போயிருக்கிறான். சோம்பேறி என்று வாத்தியார் சொன்னார். பொறுப்பில்லாதவன் என்று அப்பா சொன்னார். மாமனார் இரண்டையும் சேர்த்துச் சொன்னார்.

கடையில் மூன்று பென்டிரைவ்கள் இருந்தன: கோயிலுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. போன தை மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் மாசிலாமணி ஒன்றைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது மூன்றாவது ஒப்பாரி ஓடிக்கொண்டிருந்தது. கர்ப்பிணியின் மாமியார் விளக்குமாற்றோடு வாசலில் நின்றாள்.

அன்றைக்கு அவன் பெண்டாட்டி தையல்நாயகி திட்டவில்லை. அவள் அங்கன்வாடி டீச்சர்.

"எங்க பயிற்சியில ஏடிஹெச்டின்னு ஒண்ணு சொன்னாங்க, கவனம் ஒரு எடத்துல நிக்காத கோளாறாம். பிள்ளைங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சேன். பெரியவங்களுக்கும் இருக்குமாம். கடலூர்ல ஒரு டாக்டரம்மா பாக்குறாங்க. போயி என்னன்னு தெரிஞ்சிக்கிட்டு வாங்க" என்றாள்.

மாசிலாமணி யோசித்தான். இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு ஒரு பெயர் இருக்கிறதா? இருந்தால் நல்லதுதான். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்? அப்புறம் வாத்தியார் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அதுதான் அவனுக்குப் பயம்.

போன் போட்டதில் நர்சம்மா மூன்று விஷயம் சொன்னாள். புதன்கிழமை பத்து மணிக்கு மறக்காமல் வர வேண்டும். சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள் கூட வர வேண்டும். பள்ளிக்கூட நாளிலேயே இப்படித்தான் என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் கொண்டுவர வேண்டும்.

கடையில் ஆலோசனை நடந்தது.

"மறக்காம வரணும்னு சொல்றாங்க. மறக்காம போனா, இவனுக்கு மறதியே இல்லன்னு டாக்டரு அனுப்பிட மாட்டாரா?" என்றான் கலியமூர்த்தி.

"மறந்துட்டா?" என்று கேட்டான் மாசிலாமணி.

"மறந்துட்டா போகவே முடியாதே."

இரண்டு சுற்று டீ ஓடியது. கடைசியில் பூவராகன் தொடையைத் தட்டினான். "இவன் மறந்துடட்டும். ஊரு ஞாபகம் வச்சிக்கட்டும்."

புதன்கிழமை காலை ஆட்டோவில் குழாய் கட்டி ஆலடி ரோடு முழுக்க அறிவித்தான் பூவராகன்: "இன்று காலை பத்து மணிக்கு நமது மாசிலாமணி அவர்கள் கடலூரில் டாக்டரைச் சந்திக்கிறார். பொதுமக்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவும். மாசிலாமணி மட்டும் இதைக் காதில் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்."

மாசிலாமணி சொல் தட்டாதவன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். தையல்நாயகிதான் சட்டையை மாட்டிக் கிளப்பிவிட்டாள்.

ஆதாரம் குட்டியானை வண்டியில் ஏற்கெனவே ஏறியிருந்தது. பள்ளிக்கூடத்தின் பின்னால் உடைசல்களோடு கிடந்த ஆறாம் வகுப்புப் பெஞ்சு அது. ஆண்டு விழாவுக்கு மைக்செட் தருவதாகச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கியிருந்தார்கள். அதன் ஓரத்தில், காம்பஸ் முனையால் குடைந்து, "மாசிலா" என்று இருந்தது.

மூவரும் பெஞ்சைச் சுமந்து உள்ளே போனார்கள். நர்சம்மா பதினெட்டுக் கேள்விகள் இருந்த தாளைக் கொடுத்தாள். மாசிலாமணி ஏழு கேள்விக்கு டிக் போட்டான். எட்டாவதில் பாதி டிக் போடும்போது, டோக்கன் கூப்பிடும் ஸ்பீக்கர் கரகரத்தது. தொழில்காரன் மனசு கேட்குமா? எழுந்து போய் அதைக் கழற்றிப் பரப்பிவிட்டான்.

டாக்டரம்மா பெஞ்சைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏன் 'மாசிலா'வோட நிக்குது?"

"மணி அடிச்சிடுச்சிங்க டாக்டர்."

"மறுநாள் முடிச்சிருக்கலாமே?"

"மறுநாள் காம்பஸத் தொலச்சிட்டேங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அடையாளம் நிறைய தெரியுது. அடுத்த புதன்கிழமை இன்னொரு தடவ பேசி, முடிவா எழுதித் தரேன். ஆனா ஒண்ணு, நீங்க சோம்பேறி இல்ல."

மாசிலாமணி அழுதுவிட்டான். வாத்தியாருக்கும் அப்பாவுக்கும் மாமனாருக்கும் சேர்த்து அழுதான்.

"அடுத்த வாரமும் ஆதாரத்தக் கொண்டாரணுங்களா?" என்று கேட்டான் கலியமூர்த்தி.

வெளியே டோக்கனோடு நின்றுகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார் டாக்டரம்மா. "கொண்டாங்க. உக்கார எடம் பத்தல."

திரும்பும் வழியில் குட்டியானையின் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து வந்தான் மாசிலாமணி. சந்தோஷத்தில் கை துறுதுறுத்தது. ஸ்குரூ டிரைவரை எடுத்தான். நெய்வேலி தாண்டுவதற்குள் "மணி"யைச் செதுக்கி முடித்துவிட்டான். முப்பத்தொரு வருஷ வேலை. இறங்கியதும் பெருமையாகக் காட்டினான்.

கலியமூர்த்தி தலையில் கை வைத்தான். "படுபாவி! ஆதாரத்தக் கெடுத்துட்டியேடா! அந்தம்மா பாத்தா, முடிச்சிட்டான், கொணமாயிட்டான்னு எழுதிடுவாங்களே!"

மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடும் போலிருந்தது. மறுநாள் ஆசாரியிடம் இழைப்புளி இரவல் வாங்கி வந்தார்கள். செதுக்கியவன்தான் அழிக்க வேண்டும் என்று பூவராகன் தீர்ப்புச் சொன்னான். மாசிலாமணி கடைசி எழுத்திலிருந்து இழைக்க ஆரம்பித்தான்.

அடுத்த புதன்கிழமை பெஞ்சு மறுபடி டாக்டரம்மா அறைக்குள் வந்தது. அதில் "மாசிலாம" என்று இருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "போன வாரம் ஒரு எழுத்துக் கம்மியா இருந்துச்சே?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டான். கலியமூர்த்தி கைகூப்பி உண்மையைச் சொன்னான்: "தப்புதாங்க டாக்டர். போற வழியில முழுப் பேரையும் முடிச்சிட்டான். பழையபடி ஆக்குடான்னு அழிக்கச் சொன்னோம். அழிக்கிறதயும் பாதியில விட்டுட்டான்."

டாக்டரம்மா அதற்கப்புறம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேனாவை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மாசிலாமணி பெஞ்சில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டான். சோம்பேறி என்ற சொல் அதில் எங்காவது இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகத் தேடினான். இரண்டு வரி வரை இல்லை. வாழ்க்கையில் இந்த ஒரு காகிதத்தையாவது கடைசிவரை படித்துவிட வேண்டும் என்று உறுதியாக உட்கார்ந்துவிட்டான்.

"அடுத்த ஆளு காத்திருக்காங்க. பெஞ்ச எடுத்துட்டுக் கெளம்புங்க" என்றாள் நர்சம்மா.

பெஞ்சை எடுக்கத்தான் சொன்னாள். அவனை எழுப்பச் சொல்லவில்லை. கலியமூர்த்தி ஒரு பக்கமும் பூவராகன் ஒரு பக்கமும் பிடித்து, மாசிலாமணியோடு சேர்த்துத் தூக்கினார்கள். போன வாரம் அவன் பிரித்துப் போட்ட ஸ்பீக்கரைத் தாண்டி, காத்திருந்தவர்கள் எழுந்து வழிவிட, உற்சவமூர்த்தி மாதிரி அவன் வெளியே போனான். அப்போதுதான் நான்காவது வரிக்கு வந்திருந்தான்.