மூக்குக்கு ரெண்டு ஏக்கர்

எங்க சகலை வெள்ளியங்கிரி இருக்கறது ஓசூர்ல. லோகநாதனாகிய நான் இருக்கறது கோபியில. அக்கா வசந்தாமணியை அவரு கட்டுனாரு, தங்கச்சி கலாமணியை நான் கட்டுனேன். நடுவுல இவ்வளவு தூரம் இருந்தும் அவரு விடற புளுகு எங்க வீடு வரைக்கும் வந்து சேந்துரும். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, புளுகோட ஆளும் சேந்தே வந்திருந்தாரு.

மாமனார் நாச்சிமுத்து எங்க கூடத்தான் இருக்காரு. மாமியார் போனதுக்கப்புறம் மனுஷன் வாசலைத் தாண்டறதில்ல. கல்யாணம், கோயில், எதுக்குக் கூப்புட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க"ன்னுருவாரு. காது கேக்கற மிஷினை மாட்டிக்கிட்டு, கேட்டும் கேக்காத மாதிரி டிவி முன்னாடி உக்காந்திருப்பாரு. வசந்தாமணி அக்காவுக்கு அதுதான் மனசுல பாரம். அப்பாவைக் கார்ல ஏத்திட்டுப் போயி நாலு ஊரு காட்டணும்னு வர்றப்பெல்லாம் கூப்புடுவாங்க. "எனக்கெதுக்கு அம்மணி அதெல்லாம்"னு அவரு சொல்ல, கண்ணத் தொடச்சுக்கிட்டே ஊருக்குப் போவாங்க. இந்தத் தடவை புருஷனை முன்னாடி விட்டுட்டு, அவங்க வாயே தெறக்காம உக்காந்துட்டாங்க.

"மாமா, நாங்க நாசிக் போயிட்டு வந்தமில்லீங்க," சகலை ஆரம்பிச்சாரு. "ஒயின் போடற திராட்சைத் தோட்டமெல்லாம் பாக்கலாம்னு. கோலாப்பூரு, பூனான்னு ஒவ்வொரு ஊர்லயும் தங்கி, நிதானமாப் போனோம். இவ ஒரு போசியில தயிர் ஊத்திப் பின் சீட்டுல வெச்சா. நம்ம காரு ஆடுன ஆட்டத்துல, ஹூப்ளி வர்றதுக்குள்ள வெண்ணெய் தெரண்டு மேல மெதக்குது. எடுத்து பானெட்டு மேல வெச்சேன். கோலாப்பூருல எறங்கறப்ப மணக்க மணக்க நெய்."

"அது நாலு வழி ரோடு சகலை," நான் சொன்னேன். "குழியே கெடையாது."

"கெடையாதுதான். தேடித் தேடி எறக்குனேன். வெண்ணெய் வேணுமில்ல?"

கலாமணி என்ற தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனா. எனக்குப் புரியுது. அக்காவுக்காக வாய மூடிக்கிட்டு இருங்கறா. ஆனா பொய்யைக் கேட்டா எனக்கு நாக்கு அரிக்கும், நான் என்ன பண்றது.

மாமனார் டிவியில இருந்து கண்ண எடுக்காமயே, "நெய்ய என்ன பண்ணுனீங்க?"ன்னு கேட்டாரு. அவரு வாயில இருந்து ஒரு கேள்வி வந்தே பல மாசம் ஆகுது. அக்கா சட்டுன்னு நிமுந்து உக்காந்தாங்க.

சகலைக்கு அது போதாதா. "கறிக்கொழம்புல ஊத்துனேன் மாமா, காரம் தாங்கல. கோலாப்பூரு மொளகாய் லேசுப்பட்டதில்லீங்க. ஒரு வாய் வெச்சதும் என்ற தலையில இருந்து ஆவி கெளம்பிருச்சு. பக்கத்து மேசையில ஒருத்தரு ஏதோ இன்டர்வியூவுக்குப் போறவரு. சட்டையக் கழட்டி என்ற தலையில வெச்சு நாலு தேய்ப்புத் தேச்சு, மடிப்புக் கலையாமப் போட்டுக்கிட்டுப் போனாரு."

"வேலை கெடச்சுதா?" மாமனார் கேட்டாரு.

"அது தெரியலீங்க மாமா. பொய் சொல்லக் கூடாது பாருங்க."

அப்புறம் பூனா வந்துச்சு. அங்க ஒரு சிக்னல்ல மாட்டிக்கிட்டாங்களாம். எத்தனை நேரம்னு கேட்டா மணிக்கணக்குல சொல்ல மாட்டேங்கறாரு. "ரோட்டு நடுவுல மண்ணு சும்மா கெடக்குதேன்னு இவ எறங்கி ஒரு முருங்கைக் கொம்பை நட்டு வெச்சா மாமா. செவப்பு லைட்டு பச்சையாகறதுக்குள்ள அது மரமாகி, பூத்து, காய்ச்சு, சாம்பார் வெச்சு முன்னாடி பின்னாடி நின்ன காருக்கெல்லாம் குடுத்தாச்சு. டிராபிக் போலீஸ்காரரு ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்புட்டாரு."

வசந்தாமணி அக்கா சிரிப்ப அடக்கிக்கிட்டு, "தண்ணி குடிச்சுட்டு வர்றேன்"னு அடுப்பங்கரைக்கு எந்திரிச்சுப் போனாங்க. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து அதே எடத்துல உக்காந்துக்கிட்டாங்க.

"திராட்சையப் பத்திச் சொல்லுங்க," மாமனார் டிவியை நிறுத்திட்டாரு.

"பழமா அது? ரெண்டு ஆளு சேந்து ஒரு பழத்த உருட்டிட்டுப் போறாங்க மாமா. கொட்டைய எடுத்து நிறுத்தி வெச்சு, அந்த நெழல்ல மாடு கட்டியிருக்குது."

நான் எந்திரிச்சு, அவரே நாசிக்ல இருந்து வாங்கிட்டு வந்த காஞ்ச திராட்சைப் பையை எடுத்து ஆட்டிக் காட்டுனேன். "இது சுண்டு விரல் நகத்தளவு கூட இல்லையே சகலை?"

"காஞ்சாச் சுருங்காதா? அதை இந்த அளவுக்குச் சுருக்கறதுக்கே அவங்களுக்கு ஒரு வருஷம் ஆகுது. பாவம், அவங்க கஷ்டம் உங்களுக்கு எங்க தெரியுது." பையை என்ற கையில இருந்து வாங்கி வெச்சுட்டுத் தொடர்ந்தாரு. "கீழ விழுந்து புளிச்ச பழத்தைத் தின்னுட்டுக் குருவிக பறக்கறதே இல்லீங்க மாமா. சாயங்காலமானா ஒண்ணு தோள்ல ஒண்ணு கையப் போட்டுக்கிட்டு நடந்தே வீட்டுக்குப் போகுதுக."

"குருவிக்கு ஏது மாப்ள கை?"

"நானும் அதைத்தான் கேட்டேன். எந்தக் குருவியும் பதில் சொல்ற நெலமையில இல்லீங்க."

மாமனார் மிஷினைத் தொட்டுச் சரி பண்ணிக்கிட்டு, நாற்காலிய சகலை பக்கமாத் திருப்பிப் போட்டு உக்காந்தாரு. கலாமணி என்னையப் பாத்து, ஒரு வார்த்தை பேசுனா அவ்வளவுதான்கற மாதிரி மொறச்சா.

"கடைசியா ஒயின் போடற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க," சகலை குரலத் தணிச்சாரு. "அங்க ஒரு கோட்டு போட்டவரு கண்ணாடித் தம்ளர்ல கொஞ்சமா ஊத்தி, சுத்தி, மோந்து பாத்து, வாயில வெச்சுக் கொப்புளிச்சுத் துப்பிட்டு, 'இதுல நாவப்பழ வாசம் வருது'ங்கறாரு. இவ குடிக்க மாட்டா, உங்களுக்கே தெரியும். தம்ளரத் தூரத்துல வெச்சு ஒரே ஒரு தடவ மோந்தா. 'இந்தப் பழம் மலைக்குக் கெழக்கால வெளஞ்சது. பறிச்சவரு அன்னைக்கு வேர்க்கடலை தின்னிருக்காரு. பீப்பாய்க்கு அடியில வெள்ளி மெட்டி ஒண்ணு கெடக்குது'ன்னா. கோட்டுக்காரரு சிரிச்சாரு. பீப்பாயக் கவுத்தா, மொதலாளி சம்சாரத்தோட மெட்டி. கல்யாணமான புதுசுல தொலைஞ்சதாம். அந்தம்மா கீழ உக்காந்து அழுதுட்டாங்க மாமா. மொதலாளி ஓடி வந்து, 'நீங்க இங்கயே இருங்க, மூக்குத் துவாரத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் ரெண்டு ஏக்கர் தோட்டம் எழுதி வெக்கறேன்'னாரு."

"எழுதி வாங்கறதுதானே?" நான் கேட்டுட்டேன். மறுபடியும் கிள்ளு விழுந்துச்சு.

"நான் வாங்கியிருப்பேன் சகலை. இவதான், 'இந்த மூக்கு எங்கப்பா குடுத்த மூக்கு. அவரை வந்து பாக்கச் சொல்றேன், அவரு சரின்னாத்தான்'னுட்டா. அவங்க வாசல்ல உங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க மாமா. வேற யாரையும் உக்கார விடறதில்ல. குருவிகளக் கூட."

அக்கா அப்பா மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. மாமனார் வாயத் தெறக்கப் போனாரு. அந்த நேரத்துல என்ற நாக்கு சும்மா இருந்திருக்கலாம்.

"அவ்வளவு பெரிய மூக்குன்னா இங்க எதையாச்சும் மோந்து சொல்லட்டுமே, பாக்கலாம்," நான் சொன்னேன்.

மாமனார் வாயத் திரும்ப மூடிக்கிட்டாரு. சகலை திராட்சைப் பையைப் பிரிக்கறதும் மூடறதுமா இருந்தாரு. கலாமணி கிள்ளக் கூட இல்ல. அதுதான் எனக்குப் பயமாயிருச்சு.

வசந்தாமணி அக்கா மெதுவா மூக்க உறிஞ்சுனாங்க. "கலா, பாயசம் அடி புடிக்குது," அப்படின்னாங்க.

"சும்மா இருக்கா. சிம்முல வெச்சுட்டு வந்திருக்கறேன்," கலாமணி சொன்னா. நாங்க எல்லாரும் மோந்து பாத்தோம். எங்க மூக்குக்கு ஒண்ணும் தெரியல. ஆனாலும் அவ எந்திரிச்சுப் போனா. போன வேகத்துல அடுப்பங்கரையில இருந்து ஒரு கத்தல். பருப்புப் பாயசம், அதுவும் நாசிக் திராட்சை போட்ட பாயசம், அடியில கருகிப் போச்சு.

சகலை எந்திரிச்சு நின்னுக்கிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. கோட்டுக்காரருக்கு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

கலாமணி கரிஞ்ச சட்டிய இடுக்கியில புடிச்சுக்கிட்டே வெளிய வந்தா. "நான் சிம்முலதானே வெச்சேன். அடுப்பை யாரு பெருசு பண்ணுனது?"

வசந்தாமணி அக்கா சொவத்துல இருந்த காலண்டரப் படிக்க ஆரம்பிச்சாங்க. அவங்க தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போனது எனக்கு ஞாபகம் வந்துச்சு. மாமனாருக்கு எனக்கு முன்னாடியே வந்திருக்கும் போல. சட்டியப் பாத்தாரு, மகளப் பாத்தாரு, தோளு குலுங்கக் குலுங்கச் சிரிச்சாரு. மாமியார் போனதுக்கப்புறம் அந்தச் சிரிப்பை நாங்க யாருமே கேக்கல.

"மாப்ள மட்டுந்தான் புளுகறாருன்னு நெனச்சேன்," கண்ணத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு. "என்னையக் கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு சட்டிப் பாயசத்தையே கருக்கிட்டியே அம்மணி. இதுக்கு மேலயும் வர மாட்டேன்னு சொன்னா நான் மனுஷனே இல்ல. எப்பக் கெளம்பலாம்?"

அக்கா அவரு கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க. எனக்கே கண்ணு கலங்கிருச்சு, பொய்யில்ல.

சகலைக்குச் சந்தோசம் தாங்கல. நாற்காலிய இன்னும் நெருக்கமா இழுத்துப் போட்டு, "நாளைக்கே கெளம்பிரலாம் மாமா. போற வழியில தாவணகெரேன்னு ஒரு ஊரு, அங்க சுடற தோசையில ஒண்ணைத் தார்ப்பாயா நெனச்சு ஒரு லாரிக்காரரு..."

மாமனார் காதுல இருந்த மிஷினக் கழட்டி, கர்ச்சீப்புல சுத்தி, என்ற கையில குடுத்தாரு.

"இதைப் பத்திரமா வெச்சிருங்க மாப்ள. ஊருல இருந்து வந்து வாங்கிக்கறேன்."