மூணு மோதிரமும் ஒரு முரசும்

கரிசல்கோட்டை ராஜா கோவிந்தபூபதி சண்டைக்குப் போனாரு. பாதிப் படையைத் தொலைச்சிட்டு வந்தாரு. இனிமே தனியா ஆள முடியாது. மேலக்கோட்டை சடைமல்லர், காட்டூர் கொண்டமர், ஆத்தங்கரை வெண்ணிமாலையார்னு மூணு பாளையக்காரங்க படை தர்றோம்னு வந்தாங்க. பதிலுக்கு மந்திரி பதவி. ஒருத்தருக்கில்ல, மூணு பேருக்கும்.

ராஜா தலையாட்டினாரு. எந்த உத்தரவுலயும் மூணு முத்திரை மோதிரமும் பதியணும்னு முடிவாச்சு. ஆனா தன் மோதிரந்தான் முதல்ல பதியணும்னு மூணு பேரும் ஒத்தக்கால்ல நின்னாங்க. ஓலை எழுதுற ராயசம் நல்லசிவத்தைக் கூப்பிட்டு, நாளைக்குள்ள மூணு பேரையும் முதல் ஆளாக்கு, இல்லேன்னா உன் வேலை போச்சுன்னாரு ராஜா.

நல்லசிவம் அசரல. சபையில ஒரு முரசைக் கொண்டாந்து வச்சாரு. அரக்கை உருக்கி ஓலையில அகலமா ஊத்தினாரு. டம்முனு ஒரு அடி. மூணு மோதிரமும் ஒண்ணா இறங்குச்சு. மூணு பேரும் முதல். ஆட்சி அமைஞ்சிடுச்சு.

டம். மூணு பாளையத்துக்கும் வரி கிடையாது. டம். மச்சினன்மாருக்கெல்லாம் உத்தியோகம். டம். ஏரி மடையை அடைச்சு, தண்ணி அவங்க தோப்புக்கு மட்டும். ஏரிக்குக் கீழ இருக்குற கீழ்ப்பத்து வயல்ல பயிர் கருகுது. மூணு மாசத்துல ஜனங்களுக்குன்னு ஒரு அடிகூட விழல.

கீழ்ப்பத்துக் குடியானவங்க கொடுத்த மனுவை நல்லசிவம் சபையில ஒரு எழுத்து விடாம வாசிச்சாரு. தோப்புல தேங்கா தடிக்குது, எங்க புள்ளைங்க மெலியுதுங்கிற வரியை மட்டும் ரெண்டு தடவை வாசிச்சாரு. அது போதுமே. ராஜத்துரோகம், தூக்குன்னுட்டாங்க மூணு மந்திரிகளும். ராஜா வாயைத் திறக்கல. திறந்தா படை போயிடும். தூக்கு ஓலையையும் நல்லசிவமே எழுதணுமாம். அரண்மனையில வேற நல்ல கையெழுத்து கிடையாது.

உக்காந்து எழுதினாரு. அரக்கு ஊத்தினாங்க. முரசுக்காரன் கோலை ஓங்கினான்.

"ஒரே ஒரு பேச்சு அய்யா. தூக்கு ஓலையில முதல் முத்திரை வைக்கிறவருக்கு ஒரு வருசம் சாவுத்தீட்டு. கோயில்ல பரிவட்டம் கட்டிக்க முடியாது. பழைய வழக்கம், உங்களுக்குத் தெரியாததா?" ன்னாரு நல்லசிவம்.

தேரோட்டத்துக்கு இன்னும் ரெண்டே நாள். சாமி முன்னால தலையில கட்டுற அந்தத் துணிக்காக மூணு குடும்பமும் பாட்டன் காலத்துலேர்ந்து வெட்டிக்கிட்டுக் கிடக்குது. கோயில் வழக்கத்தை எழுதி வச்ச ஓலையை அவங்கள்ல ஒருத்தரும் படிச்சதில்ல. படிக்கலைன்னு ஒத்துக்கவும் ஆளில்ல.

"தெரியுமே," ன்னாரு சடைமல்லர். மத்த ரெண்டு பேரும் எங்களுக்கும் தெரியும்னாங்க.

டம். ஒரு மோதிரமும் இறங்கல. டம். அரக்கு ஆறிக்கிட்டிருக்கு.

"கொண்டமரே, நீங்கதான் மூத்தவர். வையுங்க," ன்னாரு சடைமல்லர்.

"நேத்து வரைக்கும் நான் பொடியன்னீரே?"

"அப்ப வெண்ணிமாலையார் வைக்கட்டும். தோப்பு அவருக்குத்தான் பெருசு."

"என் தோப்பை எதுக்குவே அளந்தீரு?" ன்னாரு வெண்ணிமாலையார்.

சண்டை தோப்புலேர்ந்து மச்சினனுக்குப் போச்சு, மச்சினன்லேர்ந்து பாட்டனுக்குப் போச்சு. உச்சிவேளைக்கு மோதிரத்தை மடியில முடிஞ்சுக்கிட்டு மூணு பேரும் மூணு வாசல் வழியா வெளியேறிட்டாங்க. ஆட்சி கவுந்துடுச்சு. ஊர் எல்லை தாண்டினதும் மூணு பேருக்கும் ஒரே பயம், மத்த ரெண்டு பேரும் ராஜாவோட சேர்ந்துட்டா? பொழுது சாயுறதுக்குள்ள தனித்தனியா மூணு ஓலை வந்துடுச்சு: பதவி வேணாம் மகாராஜா, என் படை உங்களுக்குத்தான்.

ராஜா தன் முத்திரையிலேயே மடையைத் திறக்கச் சொன்னாரு. தூக்கு ஓலையைக் கிழிச்சாரு. நல்லசிவத்துக்குக் கீழ்ப்பத்துல ஒரு காணி நிலம் எழுதினாரு. அப்புறம் மெதுவா கிட்ட வந்தாரு.

"ஏன் ஓய், எனக்கும் தெரிஞ்ச மாதிரிதான் நானும் உக்காந்திருந்தேன். அந்த வழக்கம் எப்பலேர்ந்து இருக்கு?"

"இன்னிக்குக் காலையிலேர்ந்து, மகாராஜா. முறைப்படி மூணு மந்திரிகளும் ஒத்துக்கிட்டாங்களே."