வெறும் ஃப்ளாஷ்

"ஏழு மாசமா கேக்கேன். எந்த டிஜிட்டல் கேமரா வாங்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாடே நீ?"

கேட்டது சீடன். பேரு நம்பிராஜன். வயசு அம்பத்தி மூணு. பாளையங்கோட்டைல முப்பது வருசமா கல்யாண போட்டோ எடுக்காரு. எல்லாம் ஃபிலிம் ரோல்தான்.

குரு பேரு சேகு. வயசு இருபத்தொம்பது. மாடில கேமரா ரிப்பேர் கடை. தாடி கூட அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான் முளைச்சிருக்கு.

குரு ஒரு லென்ஸத் தூக்கி "ஃபூ"ன்னு ஊதினாரு.

"ஊதுதான் பாரு! போன தடவ எத்தனை மெகாபிக்சல் வேணும்னு கேட்டேன். ரெண்டு உளுந்த வடைய எடுத்து முன்னால வச்சே. அதுக்கு என்ன அர்த்தம்? ராத்திரி பூரா யோசிச்சேன்."

"பசிக்குமேன்னு வச்சேன் அண்ணாச்சி."

நம்பிராஜன் தலையில அடிச்சுக்கிட்டாரு.

"ஞாயித்துக்கெழம கல்யாணம். டிஜிட்டல் இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதோம்னு மாப்ள வீட்ல சொல்லிட்டாவ. இந்த வருசம் வந்ததே இந்த ஒரு ஆர்டர்தான். இதுவும் போச்சுன்னா ஸ்டுடியோவுக்குப் பூட்டுதான்."

"அந்தா விக்கதுக்கு மூணு டிஜிட்டல் இருக்குல்லா. ஒண்ண எடுத்துட்டுப் போங்க."

"மூணுல எது?"

"பிடிச்சது."

நம்பிராஜன் கோவப்பட்டா ஃப்ளாஷ் சார்ஜ் ஏறுற மாதிரியே இருக்கும். அடியில "ங்ங்ங்"னு ஆரம்பிச்சு, போகப் போக "ஈஈஈ"ன்னு கீச்சுக்குரல்ல போய் நிக்கும்.

"சென்சார் எதுல பெருசு? பேட்டரி எது தாங்கும்? ஒருத்தன் அதுங்கான், ஒருத்தன் இதுங்கான், நீ என்னடான்னா பிடிச்சதுங்கே! பிடிச்சத எடுக்க இது என்ன கத்தரிக்காயாஆஆ?"

குரு லென்ஸக் கீழ வச்சாரு.

"அண்ணாச்சி, எதுக்கு பயப்படுதீய?"

"யாரு பயந்தா?"

"சும்மா சொல்லுங்க."

நம்பிராஜன் ரெண்டு பக்கமும் பாத்துட்டுக் கிட்ட வந்தாரு.

"ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். மேடைல ஏறுறவன் முந்நூறு பேரு. எல்லாருக்கும் ஃபிலிம் ஓட்டினா கட்டுப்படியாவுமா? ஃப்ளாஷ் பின்னால குட்டியா ஒரு பொத்தான் இருக்குல்லா, அத மட்டும் அமுக்குவேன். பளீர்னு அடிக்கும், படம் விழாது. அவனும் பல்லக் காட்டிட்டு சந்தோசமா பந்திக்குப் போயிருவான். வெறும் ஃப்ளாஷ். இந்த டிஜிட்டல் சனியன்ல பின்னால டிவி வச்சிருக்கான். எடுத்த உடனே 'காட்டு, காட்டு'ன்னு வருவானுவ. நான் எப்படிடே பொழைக்க?"

குரு லென்ஸ மறுபடி கையில எடுத்தாரு.

"நாளைக்கு மதினியக் கூட்டிட்டு வாங்க."

"கோமுவையா? அவ கேமராவத் தொட்டதே கிடையாதே!"

"அதான்."

மறுநாள் அவரு பொண்டாட்டி கோமு வந்தா. படியேறின மூச்சு அடங்கல, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டா.

"தம்பி, புண்ணியமாப் போவும், எதையாவது ஒண்ண இவுக தலையில கட்டிவிடுங்க. தூக்கத்துலயும் பிக்சலு பிக்சலுன்னு பொலம்புதாவ. யாருட்டி அந்தப் பிக்சலுன்னு பக்கத்து வீட்ல கேக்கா."

குரு சிரிக்கல. மூணுல ஒரு கேமராவ எடுத்தாரு. நம்பிராஜன் பையில கெடந்த பழைய ஃப்ளாஷ எடுத்து அதுமேல மாட்டி, அவரு கையில குடுத்தாரு.

"மதினிய ஒண்ணு எடுங்க."

கேமரா கைக்கு வந்ததும் நம்பிராஜன் ஆளே மாறிட்டாரு. முதுகு நிமிந்துட்டு.

"கோமு, வெளிச்சத்துக்கு வா. நாடியத் தூக்கு. தூக்குங்கேன்லா! ஆங், லேசா சிரி. ரெடி."

பளீர்.

"அவ்வளவுதான். பிரமாதம்."

கோமு கைய நீட்டினா.

"காட்டுங்க."

"என்னத்த?"

"இதுல ஒடனே தெரியும்னு நீங்கதான சொன்னீய? காட்டுங்க."

நம்பிராஜன் கேமராவத் திருப்பினாரு. பின்னால ஒண்ணுமில்ல. தட்டினாரு. எடது கையால பொத்தான் பொத்தானா அமுக்கினாரு. படம் இல்லைன்னு எழுத்து வந்துச்சு.

"ஏ தம்பி, கேமரா கோளாறு!"

"கேமரா நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. வெறும் ஃப்ளாஷ்தான் அடிச்சிருக்கீய. உங்க வெரலப் பாருங்க."

வலது கை வெரலு இன்னும் அங்கயேதான் இருந்துச்சு. ஃப்ளாஷ் பின்னால, அந்தக் குட்டிப் பொத்தான் மேல.

கோமு பொத்தானப் பாத்தா. புருசனப் பாத்தா.

"என் வளைகாப்புக்கு எடுத்தது கழுவும்போது கெட்டுட்டுன்னீய."

நம்பிராஜன் வெரல வெடுக்குன்னு எடுத்தாரு.

"திருச்செந்தூர்ல எடுத்தத லேப்காரன் தொலைச்சுட்டான்னீய. பால் காய்ச்சின அன்னைக்கு எடுத்த ரோல்ல வெளிச்சம் ஏறிட்டுன்னீய."

ஃப்ளாஷ் மறுபடி சார்ஜ் ஏறுச்சு. ங்ங்ங்ங்.

கோமு சேலத் தலைப்ப இழுத்துச் சொருகினா.

"தம்பி, இதையே கட்டுங்க."

"ஏட்டி, மெகாபிக்சல் கூடக் கேக்காம..."

"எதுக்குக் கேக்கணும்? நான் இதுல இல்லைன்னு ஒடனே தெரியுதுல்லா."