இரண்டாவது அடி

குமாரபாளையத்தில் நடந்த ஒரு சாவைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கொன்றவர் யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை, அவரே ஒப்புக்கொண்டார். புதிர் வேறோரிடத்தில் இருக்கிறது. கடைசியில் உங்களைத்தான் கேட்பேன் என்பதால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

லோகநாதனும் முனியப்பனும் ஒரே விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்தவர்கள். நாள் முழுக்க நின்று தறி ஓட்டும் கால்களுக்கு வலி தெரியாமல் இருக்க இருவரும் மாத்திரை போடத் தொடங்கினார்கள். வலிக்காகத் தொடங்கியது போதைக்காக என்று ஆனது. ஒரே அட்டையைக் கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வார்கள். மாத்திரை போட்ட முனியப்பன் நூல் மூட்டை மேல் சாய்ந்து தூங்கிப்போவார். லோகநாதன் வீட்டுக்குப் போய், கதவைத் தாழிட்டுவிட்டு, மனைவி சம்பூரணத்தை அடிப்பார். தறி முதலாளி நாலு பேர் முன்னால் கேவலமாகத் திட்டிய நாட்களில்கூட அவருக்கு எதிரே லோகநாதனின் கை எழுந்ததில்லை.

மணிக்கட்டு முறிந்த பிறகு சம்பூரணம் மகளை அழைத்துக்கொண்டு, பவானியில் இருந்த அண்ணன் தங்கவேலின் வீட்டுக்குப் போய்விட்டார். தங்கவேல்தான் லோகநாதனை ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார். அங்கே ஆலோசகராக இருந்த எஸ்தர், "உங்களை அடிச்சது அவர் இல்லை சம்பூரணம், அந்த மாத்திரை. அது உடம்பை விட்டுப் போயிட்டா உங்க வீட்டுக்காரர் திரும்பக் கிடைச்சிருவார்" என்றார். சம்பூரணம் நம்பினார். நம்ப ஆசைப்பட்டார் என்று சொல்வதே சரி.

முனியப்பன் மட்டும் நம்பவில்லை. கடைவீதியில் சம்பூரணத்தைப் பார்த்தபோது, "நானும் அதே மாத்திரையத்தானுங்க்கா போடறேன். போட்டா கையத் தூக்கக்கூடத் தெம்பிருக்காது. யோசிச்சுப் போங்க" என்றார். கண் செருக, நாக்குழறப் பேசுகிறவரின் வார்த்தையை யார் பொருட்படுத்துவார்கள்? சம்பூரணம் தலையாட்டிவிட்டுக் கணவரிடம் திரும்பினார்.

லோகநாதன் உண்மையாகவே திருந்தியிருந்தார், மாத்திரை விஷயத்தில். மையத்தில் அவ்வப்போது செய்த சோதனைகளில் ஒரு துளி போதையும் இல்லை. கொஞ்ச காலம் வீடு அமைதியாக இருந்தது. பிறகு, மகள் மாமன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், சாப்பாட்டுத் தட்டு பறந்துபோய்ச் சுவரில் மோதியது. அதற்கடுத்து அறை விழுந்தது. முன்பெல்லாம் அடி வாங்கினால் சம்பூரணம் மாத்திரையைத் திட்டுவார். இப்போது பழி போட எதுவுமில்லை. அதனாலேயே யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல். தறிகள் நின்றிருந்ததால் தெருவில் சத்தம் இல்லை. அந்த வழியாக வந்த முனியப்பனுக்கு உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. அது பாதியில் நின்றுபோனதுதான் அவரைப் பயமுறுத்தியது. கதவை உதைத்துத் திறந்தார். சமையலறைத் தரையில் லோகநாதன் மனைவியின் கழுத்தை இரு கைகளாலும் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"விடுறா லோகு. டேய், விடுறா!"

இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. அம்மிக்குழவியை எடுத்து லோகநாதனின் பின்மண்டையில் அடித்தார். பிடி தளர்ந்தது. சம்பூரணம் மூச்சை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். லோகநாதன் கையை ஊன்றி எழ முயன்றார். முனியப்பன் மறுபடியும் அடித்தார். அந்த அடியில் உயிர் போயிற்று.

இறந்தவரின் ரத்தத்தில் போதை இல்லை. கொன்றவரின் ரத்தத்தில் இருந்தது. திருந்தி வாழ்ந்தவரைப் போதை ஆசாமி வெறியில் கொன்றான் என்று ஊரெல்லாம் பேச்சு. கண்ணால் பார்த்த சாட்சி சம்பூரணம் ஒருவர்தான்.

வழக்கு நாள் நெருங்கியபோது தங்கவேல் சொன்னார்: "அம்மிணி, அவன் போதையில வந்தான், அடிச்சான். அத்தோட நிறுத்திக்க. செத்தவர் பேரக் கெடுத்து என்னாகப் போகுது? நாளைக்குப் பொண்ணக் கட்டிக் குடுக்கோணுமல்ல?"

எஸ்தர் தேடி வந்து அழுதார். "தப்பாச் சொல்லி உங்களை அனுப்பினது நான்தான். அவர் கழுத்தை நெரிச்சதைச் சொல்லுங்க, முதல் அடியைச் சொல்லுங்க. இரண்டாவது அடியைச் சொல்லாதீங்க. சொன்னா, போதைங்கிற ஒரே வார்த்தையில எல்லாத்தையும் மூடிருவாங்க. உங்க உயிரைக் காப்பாத்தினவர் ஆயுசு முழுக்க உள்ளே கிடப்பார்."

சம்பூரணம் சிறையில் போய்ப் பார்த்தபோது முனியப்பன் கம்பிக்கு அந்தப் பக்கம் நடுங்கிக்கொண்டு நின்றார். மாத்திரை இல்லாத நடுக்கம். "ரெண்டு அடியும் சொல்லிருங்க்கா. மொத அடி எதுக்குன்னு எனக்குத் தெரியும். ரெண்டாவது, பயத்துல அடிச்சனா, கோவத்துலயா, மாத்திரையா... எனக்கே தெரியலீங்க. தெரியாதத நீங்களும் தெரிஞ்ச மாதிரி சொல்லாதீங்க."

குழந்தையின் பெயருக்காக மாத்திரை மேல் பழி போடச் சொன்னார் அண்ணன். காப்பாற்றியவரின் விடுதலைக்காக ஓர் அடியை மறைக்கச் சொன்னார் எஸ்தர். தன் கழுத்துக்கே சுருக்கு என்று தெரிந்தும் முழுதும் சொல்லச் சொன்னார் முனியப்பன். இம்மூவரில் யார் சொன்னது சரி?

விடை: முனியப்பன் சொன்னதே சரி. தங்கவேல் மாத்திரையை முழுக் குற்றவாளி ஆக்கினார். எஸ்தர் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். ஆனால் ஒருமுறை தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னவர், மறுமுறை தெரிந்ததை மறைக்கச் சொன்னார். சம்பூரணம் கூண்டில் ஏறி எதையும் விடாமல் சொன்னார். "போதை இல்லாவிட்டால் இரண்டாவது முறை அடித்திருப்பாரா?" என்று அரசு வக்கீல் கேட்டபோது, "அது எனக்குத் தெரியாதுங்க. போதை இல்லாதவர்தானுங்க என் கழுத்தப் புடிச்சாரு" என்றார். முதல் அடி ஓர் உயிரைக் காக்க விழுந்தது என்று நீதிமன்றம் ஏற்றது. இரண்டாவது அடிக்கு முனியப்பன் இன்னும் சிறையில் இருக்கிறார்.