சொந்தக் கூடையில் விழுந்த பந்து

தீர்ப்பு உங்களுடையது, ஆகையால் ஒரு கண்ணைப் பந்தின்மேலும் மறு கண்ணை மனிதர்கள்மேலும் வைத்துக் கேளுங்கள்.

தூத்துக்குடியில் பள்ளி மாணவியருக்கான கூடைப்பந்துப் போட்டி, லீக் சுற்றின் கடைசி ஆட்டம். தூத்துக்குடி அணி ஐந்து புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகும். வித்தியாசம் அதற்குக் குறைந்தால், தோற்றாலும் நெல்லை அணிதான் போகும். தூத்துக்குடியின் அனிஷ்டாவுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். மாநில அளவில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம். இல்லையென்றால் அம்மா வேலை பார்க்கும் இறால் கம்பெனி.

ஆட்டம் முடியச் சில நொடிகள். தூத்துக்குடி இரண்டே புள்ளி முன்னால். பந்தோ நெல்லையின் கையில். ஆட்டம் சமனில் முடிந்தால் மட்டும் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்; அதில் ஐந்து புள்ளி முந்தப் பார்க்கலாம்.

நெல்லைப் பெண்கள் பந்தைச் சும்மா வைத்திருந்தாலே போதும். அவர்களில் ஒருத்தி பழக்க தோஷத்தில் கூடையை நோக்கி எறிந்துவிட்டாள். "ஏட்டி, போடாத" என்று அவர்கள் கோச் தலையில் கைவைத்தார். பந்து வளையத்தில் பட்டுக் கீழே வந்தது. அனிஷ்டா எம்பினாள். அவள் கையில் பட்ட பந்து மேலெழும்பி, அவள் காக்க வேண்டிய கூடைக்குள்ளேயே விழுந்தது. உடனே மணி அடித்தது.

விதி இது: தவறுதலாகத் தன் கூடையில் போட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. வேண்டுமென்றே போட்டால் செல்லாது.

இளைய நடுவர் ஐசக் அவள் முதுகுப் பக்கமிருந்து பார்த்து இரண்டு விரல் காட்டினார். தலைமை நடுவர் சந்திரவதனா நேர் எதிரே நின்றிருந்தார். அவள் விரல்கள் மடங்கிப் பந்தை ஏந்திக் கூடைக்குள் விட்டதைக் கண்டார். விசிலோடு கைகளைக் குறுக்கே வீசி, செல்லாது என்று காட்டினார். காட்டிய பிறகு, அந்த விரல்களைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அப்புறம் நடந்தது ஊரில் இல்லாத வேடிக்கை. "நாங்க தோத்துட்டோம் மேடம், எழுதுங்க" என்று நெல்லைப் பெண்கள் கெஞ்சினார்கள். "நாங்க எங்க ஜெயிச்சோம்?" என்று தூத்துக்குடிப் பெண்கள் மல்லுக்கு நின்றார்கள்.

ஐசக் தணிந்த குரலில், "அக்கா, சரியாப் பாக்கலன்னு சொல்லிருங்க. பிள்ள வாழ்க்க, அக்கா" என்றார். நடுவர்கள் முரண்பட்டால் தலைமை நடுவர் சொல்வதே முடிவு.

அவர் வாய் திறக்குமுன் அனிஷ்டா வந்து நின்றாள். "மேடம், தடுக்கத்தான் குதிச்சேன். மேல போனப்புறம் மனசு மாறிட்டு."

சந்திரவதனா ஸ்கோர் மேசையைப் பார்த்து மறுபடி சைகை காட்டினார்: செல்லாது. தூத்துக்குடி ஜெயித்தது. ஜெயித்த பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

"உன்கிட்ட யாராவது கேட்டாங்களாட்டி? வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தா போயிருக்கலாம்லா" என்றார் தூத்துக்குடி கோச். அனிஷ்டா, அப்படியா என்று கேட்பதுபோல் சந்திரவதனாவை ஏறிட்டாள். ஆட்டம் முடிந்ததும் யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் போய்விடுவது அவர் பல வருடமாகக் காத்த வழக்கம். அன்றும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

பார்க்காததுபோல் இருக்கச் சொன்ன ஐசக், உள்ளதைச் சொன்ன அனிஷ்டா, ஒன்றும் சொல்லாமல் போன சந்திரவதனா. இதில் யார் செய்தது சரி?

விடை: தடுக்கக் குதித்த காலை விட்டுவிட்டு, பந்தைத் தொட்ட கையைத்தான் விதி பார்க்கும். ஆகவே தீர்ப்பு சரி. ஐசக்கின் இரக்கமோ நெல்லைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிக் கொடுக்கும் இரக்கம். அனிஷ்டா செய்தது சரி. அவள் பேசுவதற்கு முன்பே, முதல் சைகையிலேயே முடிவாகிவிட்டதால், அந்தப் பேச்சால் அவள் எதையும் இழக்கவுமில்லை. அதை அவளிடம் சொல்லாமல் போனதுதான் சந்திரவதனாவின் பிழை. உண்மையைச் சொன்னதால்தான் எல்லாம் போயிற்று என்று அந்தப் பெண் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.