வெட்சி கண்ட கீழ்க்காய் நெல்லி

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள். காடுகளுக்கு வேலி இல்லாத காலத்தில், மருதூர் என்னும் வயல்நாட்டைக் கோவேள் என்ற மன்னன் ஆண்டுவந்தான். அவன் ஒருமுறை மலைநாட்டின்மேல் படையெடுத்துப் போனான். வென்றான். மலைமக்கள் பலரைச் சிறைபிடித்து வந்தான். அவர்களில் ஒருத்தி வெட்சி.

அரண்மனைத் தொழுவத்துக்குத் தண்ணீர் சுமப்பது அவள் வேலை. கிணறு, தொழுவம், மறுபடி கிணறு. குடத்தை இறக்கும்போதெல்லாம் மேற்கே பார்ப்பாள். நீலப் புகைபோல அவள் மலை தெரியும். தினை வறுக்கும் வாசம் நினைவுக்கு வரும். அருவிச் சத்தம் நினைவுக்கு வரும். "ஏ வெட்சீ!" என்று பெற்றவள் கூப்பிடும் குரல் நினைவுக்கு வரும். பெருமூச்சு விட்டுக் குடத்தைத் தூக்குவாள்.

அப்படியிருக்க, மன்னனின் ஒரே மகள் அல்லிக்குக் காமாலை கண்டது. கண் மஞ்சளித்தது, நகம் மஞ்சளித்தது, குடித்த கஞ்சி வயிற்றில் தங்கவில்லை. அரண்மனை வைத்தியர் கைவிரித்துவிட்டார்.

செய்தி தொழுவத்துக்கும் வந்தது. வெட்சி மன்னன்முன் போய் நின்றாள்.

"ராசா, எங்கள் மலையில் இதற்கொரு பச்சிலைப் பூண்டு உண்டு. என் தாய் அதை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். இங்கே நான் அதைப் பார்த்ததில்லை."

"போய்ப் பறித்து என் வீரர்களிடம் கொடு. நீ அங்கேயே இருந்துகொள். இனி நீ அடிமை இல்லை" என்றான் மன்னன்.

வெட்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீரர் இருவரோடு வண்டியேறினாள். ஊரெல்லை வாய்க்காலில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினார்கள். அவளும் முகம் கழுவக் குனிந்தாள்.

வரப்போரத்தில் சாண் உயரத்துக்கு ஒரு செடி நின்றது. பொடிப்பொடியான இலைகள். அவளுக்குத் திக்கென்றது. ஓர் இணுக்கைத் திருப்பிப் பார்த்தாள். இலைக்கு அடியில், நெல்லிக்காயைக் கடுகளவாகச் சுருக்கியதுபோல், பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கின. அதே பூண்டு!

நிமிர்ந்தாள். எதிரே மலை. வீரர்கள் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

'நீ சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?' என்றது மனம். அவள் அசையவில்லை.

'உன்னைச் சிறைபிடித்தவன் மகள்தானே?' என்றது. அவள் அசையவில்லை.

'மலையிலிருந்தும் இதே பூண்டுதானே வரப்போகிறது?' என்றது. அப்போதுதான் அவள் அழுதாள். போய்த் திரும்புவதற்குள் அந்தப் பிள்ளை தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

செடியை வேரோடு பிடுங்கினாள்.

"வண்டியைத் திருப்புங்கள், அண்ணா."

வைத்தியர் அவள் சொன்னபடியே பூண்டை அரைத்து, மோரில் கலக்கிக் காலைதோறும் புகட்டினார். மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. ஒருநாள் அல்லி எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாள்.

"களை என்று பிடுங்கி எறிந்தோமே தாயே, இதன் பெயர் என்ன?" என்று கேட்டார் வைத்தியர்.

"கீழ்க்காய் நெல்லி. இதே சாயலில் வேறு செடியும் உண்டு, ஏமாந்துவிடாதீர்கள். இலையைத் திருப்பினால் காய் கீழே இருக்க வேண்டும்."

அமைச்சர் குறுக்கிட்டார். "அரசே, பூண்டு நம் மண்ணிலேயே கிடைத்தது. இவள் மலைக்குப் போகவே இல்லை. பிறகு விடுதலை எதற்கு?"

மன்னன் அமைச்சரிடம் திரும்பினான்.

"போகாமல் திரும்பி வந்தாளே, அதற்குத்தான்" என்றான். "இவள் மட்டும் அல்ல. நான் பிடித்து வந்த அத்தனை பேரும் வீடு போய்ச் சேரட்டும்."

விடிந்ததும் மலைமக்கள் மேற்குப் பாதையில் நடந்தார்கள். அவர்கள் மரங்களுக்குள் மறையும்வரை அல்லி மாடத்தில் நின்று கையசைத்தாள்.

தனக்கு இழப்பு வந்தாலும், பிறர் உயிரைக் காக்கும் உண்மையை ஒளிக்காமல் சொல்வதே அறம்.